மேடையிலிருந்து தரைக்கு: நீலகிரியில் விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நீலகிரி மாவட்டத்தில் கோடை விழா, கண்காட்சி, கல்லூரிக் கலைவிழா, விடுதிகளின் 'மலைக் கலாசார மாலை' ஆகியவற்றை நடத்தும் குழுவினர் அனைவருக்கும்.

வணக்கம்.

உதகையில் மலர்க் கண்காட்சி 1896-இல் தொடங்கியது. இப்போது மே மாதம் வந்தால் கோத்தகிரியில் காய்கறி, கூடலூரில் வாசனைப் பொருள், உதகையில் ரோஜாவும் மலரும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழம் என்று மாவட்டமே கண்காட்சியில்தான் கழிகிறது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு மேடை உண்டு. அழைப்பிதழின் கடைசியில் 'மாலை 5 மணி: பாரம்பரிய நடனம்' என்று ஒரு வரியும் உண்டு. அந்த ஒரு வரியை எப்படி நடத்துவது என்பதுதான் இந்த மடலின் விஷயம். நாங்கள் மேடை, ஒலி, வண்டி ஏற்பாடு பார்க்கிற ஆட்கள். அதனால் பண்பாட்டின் பெருமையைப் பேசப் போவதில்லை. அடி, நிமிடம், ரூபாய்க் கணக்கைப் பேசுகிறோம்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவை எனப் பட்டியலிடப்பட்ட ஆறு பழங்குடிகளும் வாழும் மாவட்டம் இது. படுகர், வயநாடன் செட்டி, மௌண்டாடன் செட்டி, மலையாளமும் கன்னடமும் பேசும் குடும்பங்கள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்கள் என்று கணக்கு இன்னும் நீளும். இத்தனை பேரையும் ஒரே மாலையில் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் பத்துப் பதினொரு குழுக்களை வரவழைத்து, ஆளுக்கு ஏழு நிமிடம் கொடுத்து ஏற்றி இறக்குகிறீர்கள். பணம் போதாமல் நிகழ்ச்சி கெடுவது அபூர்வம். இந்த ஏழு நிமிடத்தால்தான் கெடுகிறது.

முதலில் இடம். இந்த மலையின் ஆட்டங்கள் பெரும்பாலும் வட்டத்தில் ஆடப்படுபவை. தோடர், கோத்தர், படுகர், இருளர், பணியர் என்று யாரை எடுத்தாலும் வட்டம்தான். வட்டத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. நீங்கள் வாடகைக்கு எடுக்கும் மேடை பெரும்பாலும் 20 அடிக்கு 16 அடி. அதில் பின்னால் எல்.இ.டி. திரை, ஓரத்தில் பேச்சு மேசை, எதிர்ப்புறம் விருந்தினர் சோபா என்று போட்டதும் நடுவில் மிஞ்சுவது 12 அடி இருந்தால் அதிகம். இப்போது கணக்குப் போடுங்கள். பதினாறு பேர் ஆடினால், ஆளுக்கு மூன்று அடி வீதம் வட்டத்தின் சுற்றளவு 48 அடி. விட்டம் 15 அடிக்கு மேல். கை வீசவும் கால் எடுத்து வைக்கவும் இருபுறமும் இரண்டிரண்டு அடி சேர்த்தால் 19, 20 அடி வேண்டும். வாத்தியக்காரர்கள் தனி. 12 அடியில் இவர்களை நிறுத்தினால் வட்டம் அவரைக்காய் மாதிரி நசுங்கும், இல்லையென்றால் "எட்டுப் பேர் மட்டும் ஏறுங்க" என்று மேடைப் பொறுப்பாளர் கத்துவார். மிச்சம் எட்டுப் பேர் அலங்கரித்துக்கொண்டு வந்து கீழே நிற்பார்கள்.

வழி எளிது. மேடையைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைத் தரைக்கு இறக்குங்கள். 30 அடி விட்டத்தில் ஒரு வட்டம், அதைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு வெளியே முதல் இரண்டு வரிசை தரையில் உட்காரும் குழந்தைகள், அடுத்து பெஞ்சு, அதற்கும் பின்னால் நிற்பவர்கள். ஒரு பக்கத்தில் 8 அடி அகலத்துக்கு வழி விடுங்கள். குழு வருவதும் போவதும் அதில்தான். நடுவில் எதையும் விரிக்காதீர்கள். பச்சைச் செயற்கைக் கம்பளம் ஒரு தூறல் விழுந்தாலே வழுக்கும், வெறுங்காலில் ஆடுபவர்களுக்கு ஆபத்து. நன்றாக வெட்டிய புல் போதும். மண் தரை என்றால் முந்தின நாளே கல்லும் குப்பி ஓடும் பொறுக்கச் சொல்லுங்கள். ஒட்டுப்பலகை மேடைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: அடியில் வெற்றிடம் என்பதால் பதினாறு பேர் சேர்ந்து மிதித்தால் பலகையே மேளமாகிவிடும், ஸ்டாண்டில் நிற்கும் மைக் அத்தனை அதிர்வையும் வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

அடுத்தது மேளத்தின் தோல். இதுதான் ஒவ்வொரு விழாவிலும் சண்டையில் முடிகிறது. கோத்தரின் தபட்க் என்ற பறையோ தோட்டப் பகுதித் தப்போ, சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல்தான். தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதும் தளரும். தளர்ந்தால் சுருதி இறங்கி, 'டண்' என்று கேட்க வேண்டியது 'பொத்' என்று கேட்கும். உதகையில் மாலை நான்கு மணிக்கு மூடுபனி இறங்கினால் இதற்கு அதிக நேரம் பிடிக்காது. அதனால் அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்சியாக வேண்டும். சடங்கு என்று நினைத்துச் சில இடங்களில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது சுருதி சேர்க்கும் வேலை. வீணைக்காரர் முறுக்காணி திருப்புவதும் இதுவும் ஒன்றே.

காய்ச்சும் முறை தெரிந்தால் அனுமதி கொடுப்பது எளிது. வைக்கோல், காய்ந்த சருகு, செய்தித்தாள் போன்று சட்டென்று எரியும் பொருளைக் கொளுத்தி, தோலை ஒரு சாண் முதல் இரண்டு சாண் உயரத்தில் காட்டிச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் சுருங்கி விளிம்பில் விரிசல் விடும், சில நேரம் சட்டத்திலிருந்து பிய்ந்துகொண்டும் வந்துவிடும். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ஓசை ஏறியதும் எடுத்துவிடுவார்கள். ஒரு வாத்தியத்துக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் பனியில் கால் மணி நேரம் சும்மா வைத்தால் மறுபடி தளர்ந்துவிடும். இங்கேதான் நீங்கள் கோட்டை விடுகிறீர்கள். "அடுத்து நீங்கதான், தயாரா இருங்க" என்று சொல்லி, காய்ச்சிய தப்போடு குழுவை வரிசையில் நிறுத்திவிட்டு, முக்கிய விருந்தினர் வந்ததும் நாற்பது நிமிடம் பொன்னாடை போர்த்துகிறீர்கள். அதற்குப் பிறகு ஏறும் குழு தளர்ந்த தோலில்தான் அடிக்கிறது. "போன வருஷம் மாதிரி இல்லையே" என்று முன்வரிசையில் ஒருவர் சொல்கிறார்.

தீயணைப்புத் துறை திறந்த தீயை அனுமதிக்காது என்பீர்கள். பூங்காவுக்குள் அது நியாயம்தான். ஆட்ட வட்டத்திலிருந்து 40, 50 அடி தள்ளி, புல் இல்லாத இடத்தில், இரண்டு அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் ஒரு கரி அடுப்பு வையுங்கள். இரும்புச் சட்டியோ பாதியாக வெட்டிய டிரம்மோ போதும். ஒரு மாலைக்கு ஐந்து கிலோ அடுப்புக்கரி தாராளம். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், காவலுக்கு ஓர் ஆள். நன்றாகக் கனன்ற கரித்தணலில் சுவாலை அநேகமாக இல்லை, பொறி பறப்பதும் குறைவு. சூடும் சீராக ஏறும் என்பதால் தோலுக்கும் நல்லது. இதை வரைபடத்தில் குறித்து முதலிலேயே அனுமதி விண்ணப்பத்தோடு இணைத்தால் மறுப்பு வருவது குறைவு. அன்றைக்கு மாலை போய்க் கேட்டால் மறுக்கத்தான் செய்வார்கள். மின் ஹீட்டரும் உதவும், மெதுவாக. அதை ஒலி அமைப்பு ஓடும் அதே இணைப்பில் செருகாதீர்கள், எம்.சி.பி. (மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை) விழுந்து இரண்டும் அணையும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. நிகழ்ச்சியைக் காலை பத்தரைக்கு மாற்றுங்கள். மே மாதத்தில் மழை வருவதென்றால் பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது. காலை வெயிலில் அரை மணி நேரம் வைத்தாலே தோல் ஏறிவிடும், கரியும் வேண்டாம் அனுமதியும் வேண்டாம். பூங்காவில் கூட்டமும் அப்போதுதான் அதிகம். மாலையில் வைப்பதற்கு ஒரே காரணம் வண்ண விளக்கு. வெயிலில் தெரியும் வெள்ளை உடைக்கு எந்த விளக்கும் ஈடில்லை என்பது எங்கள் கட்சி.

ஒலி. தப்புக்கும் தபட்க்குக்கும் 500 பேர் கூட்டம் வரை மைக்கே தேவையில்லை. கோத்தரின் 'கொள்' இரட்டைச் சீவாளிக் குழல்; ஓசை அறாமல், மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே ஊதுவார்கள், அதுவும் தானாகவே நன்றாகக் கேட்கும். இரண்டு கொள்ளுக்கு நடுவில் நான்கு அடி தள்ளி ஒரு மைக் போதும். டோபர், கிண்வர், தபட்க் என்ற மூன்று மேளங்களும் வேறுவேறு அடிகளை அடித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்துத் தாளம் உண்டாக்குகின்றன. ஆகவே ஒன்றுக்கு மட்டும் மைக் வைத்தால் தாளத்தின் மூன்றில் ஒரு துண்டுதான் ஸ்பீக்கரில் வரும். மூன்றுக்கும் பொதுவாக இரண்டு மைக் உயரத்தில் கட்டுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். மைக் உண்மையிலேயே வேண்டியது தோடருக்கு. அவர்கள் ஆட்டத்துக்கு வாத்தியம் கிடையாது, வாய்ப்பாட்டுத்தான். ஆடுகிறவர் கையில் மைக் கொடுத்தால் கை கோத்தல் போய்விடும். வட்டத்தின் நடுவில் இடுப்புயர ஸ்டாண்டில் முதுகோடு முதுகாக இரண்டு மைக் வையுங்கள். அப்போது பின்னால் ஓடும் 'பீட்' பாட்டு கட்டாயம் நிறுத்தப்பட வேண்டும். இதை எழுத வேண்டியிருப்பதே வருத்தம்தான், ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது.

பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோடர் பாட்டு சந்தர்ப்பத்துக்கு ஏற்ப அப்போதே கட்டப்படுவது. ஒவ்வொரு தொடருக்கும் ஓர் இணைத்தொடர் உண்டு. மொழியியலாளர் எமனோ 1930-களில் இங்கே தங்கி ஆராய்ந்து விரிவாகப் பதிவு செய்த விஷயம் இது. ஆகவே தொகுப்பாளர் "இது ஒரு பழமையான பாடல்" என்று சொல்லிவிட்டு நகர்வது பெரும்பாலும் தவறு. அன்று உங்கள் விழாவைப் பற்றியே பாடியிருக்கக்கூடும். ஆட்டம் முடிந்ததும் பாடியவரிடமே கேட்டு இரண்டு வரி பொருள் சொல்லச் செய்யுங்கள்.

கோத்தரிடம் கேட்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். கொள் இசையில் தெய்வத்துக்கு உரியது, ஆட்டத்துக்கு உரியது, சாவுக்கு உரியது என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மேடைக்கு உரியது ஆட்டக் கொள். "இது கேட்டாச்சு, வேற ஒண்ணு சோகமா வாசிங்களேன்" என்று கேட்பவருக்குத் தாம் கேட்பது என்ன என்று தெரிவதில்லை. ஆண்கள் முதலில் ஆடி, பிறகு பெண்கள் ஆடுவார்கள். ஏழு நிமிடத்தில் ஆண்கள் பகுதி பாதி முடியும்போதே உங்கள் மணி அடித்துவிடுகிறது. இரண்டரை மணி நேர நிகழ்ச்சியில் நான்கு சமூகங்கள் போதும். தலா 25 நிமிடம் என்றால் 100. இடையில் மூன்று மாற்றத்துக்கு எட்டெட்டு நிமிடம் என்றால் 24. மீதி 26 நிமிடம் வரவேற்புரை முதல் நன்றியுரை வரை உங்களுடையது. மற்ற சமூகங்கள் அடுத்த நாள், அல்லது அடுத்த ஊர்க் கண்காட்சியில். சுழற்சியில் வந்தால் யாருக்கும் குறையில்லை.

பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். 'ஆதிவாசி நடனம்' என்று ஓர் ஆட்டம் இல்லை. குறும்பர் என்று மொட்டையாகச் சொன்னால் ஆலு குறும்பரா, பெட்ட குறும்பரா, முள்ளு குறும்பரா என்று தெரியாது; மொழியே வேறுவேறு. படுகரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்து அறிவிப்பதும், இருளரைக் குறும்பர் என்பதும் நடக்கிறது. குழுத் தலைவரிடம் ஊர்ப் பெயரையும் சமூகப் பெயரையும் ஒரு தாளில் தமிழில் எழுதி வாங்கி, அதை அப்படியே படியுங்கள்.

தேதியும் முக்கியம். டிசம்பர், ஜனவரியில் கோத்தருக்குக் கம்பட்டராயர் விழா, படுகருக்கு ஹெத்தை விழா, தோடருக்கு முத்தநாடு மந்தில் (மந்து: தோடர் குடியிருப்பு) மொற்பர்த் பண்டிகை என்று அடுத்தடுத்து வரும். அந்த வாரங்களில் பொங்கல் விழா மேடைக்குக் கூப்பிட்டால் வரத் தயங்குவது நியாயம். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நாற்றுநடவு. பணியரின் துடியும் குழலும் வயலோடு சேர்ந்தவை. உண்மையான நடவுப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் விருந்தினரை வயல் வரப்புக்கு அழைத்துப் போவதுதான் முறை.

பயணத்தை யாரும் யோசிப்பதே இல்லை. பந்தலூர்ப் பக்கத்து ஊரிலிருந்து உதகைக்கு மலைப்பாதையில் மூன்று மணி நேரம். மே மாத நெரிசலில் இன்னும் கூடும். இரவு எட்டு மணிக்கு நிகழ்ச்சி முடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் நள்ளிரவில் யானை நடமாடும் சாலையில் இறங்கி, வண்டி போகாத கடைசி ஒரு கிலோமீட்டரைக் குழந்தைகளோடு நடக்க வேண்டும். இரவு தங்க இடம் கொடுங்கள், இல்லாவிட்டால் மதியத்துக்குள் முடியுங்கள். வயநாட்டிலிருந்து வாடகை வண்டி வந்தால் இ-பாஸ் வேண்டும்; அதை எடுப்பது உங்கள் வேலை, ஓட்டுநருடையது அல்ல. வண்டிக்கு உள்ளே வரும் அனுமதிச் சீட்டும் கொடுத்துவிடுங்கள். வாகன நிறுத்துமிடத்திலிருந்து அறுபது வயதுக்காரர் மேளத்தைச் சுமந்து ஏற்றத்தில் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நன்றாக இல்லை. பெண்களுக்குக் கதவு பூட்டும் அறையும் கழிப்பறையும் தனியாக வேண்டும். துணி மறைப்பு உடைமாற்றும் அறை ஆகாது.

பணம். தோட்ட வேலை நாள்கூலி. ஒத்திகை ஒரு நாள், நிகழ்ச்சி ஒரு நாள், தங்கினால் திரும்பும் நாள் என்று மூன்று நாள் கூலி போகிறது. மேடைத் தொகை இதற்கு மேல் வர வேண்டுமே தவிர இதற்குள் அடங்கக் கூடாது. ஆள் எண்ணிக்கை, ஒருவருக்கு எவ்வளவு, பயணப்படி, சாப்பாடு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பதினைந்து நாள் முன்பே கொடுங்கள். பாதி முன்பணம், மீதி அன்றே. 'பில் பாஸ் ஆனதும்' என்று மூன்று மாதம் இழுத்தால் குழுத் தலைவர் தன் ஊரில் பதில் சொல்ல முடியாமல் அடுத்த முறை வரமாட்டார். வங்கிக் கணக்கு எண், பான் நகல்களை நிகழ்ச்சிக்கு முன்பே வாங்கிச் சரிபாருங்கள். வரிப் பிடித்தம் பொருந்தும் தொகையாக இருந்து பான் இல்லையென்றால் 20 சதவீதம் போய்விடும். இதை முன்கூட்டியே சொல்லாமல் குறைத்துக் கொடுத்தால் நீங்கள் எடுத்துக்கொண்டதாகத்தான் நினைப்பார்கள். இடைத்தரகர் வழியாகக் குழுவை எடுத்தால் கலைஞரின் கைக்கு எவ்வளவு போனது என்று கையொப்பம் கேளுங்கள்.

செலவில்லாத ஒன்றும் உண்டு. விழா முடிந்ததும் தேதி, இடம், ஒவ்வொரு கலைஞரின் முழுப்பெயர், செய்த கலை ஆகியவற்றுடன் முத்திரையிட்ட கடிதம் கொடுங்கள். 'இன்னார் குழுவினர்' என்று ஒரே சான்றிதழ் கொடுத்தால் தலைவர் ஒருவருக்குத்தான் அது உதவும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியப் பதிவுக்கும், கலை இளமணி முதல் கலை முதுமணி வரையிலான மாவட்ட விருதுகளுக்கும் விண்ணப்பிக்கும்போது, பெயர் போட்ட தாள் இருப்பவர்தான் கணக்கில் வருவார்.

கடைகளைப் பற்றிச் சுருக்கமாக. தோடரின் பூத்துக்குளி என்ற போர்வைப் பின்னல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. முரட்டு வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணிச் சிவப்பும் கறுப்பும் கோப்பது. அடியில் கோடு வரைந்துகொள்வதில்லை. துணியின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: அச்சுத் துணி என்றால் அங்கே வெளிறியிருக்கும், கைப்பின்னல் என்றால் அங்கும் வேலை தெரியும். அச்சுப் பிரதி விற்பவருக்குப் பக்கத்துக் கடை ஒதுக்கினால் வாரக்கணக்கில் பின்னிய பெண் விலை சொல்லவே முடியாது. ஆலு குறும்பர் ஓவியத்துக்கு மண்ணும் வேங்கைப் பிசினும் இலைச்சாறும்தான் வண்ணம். வழவழப்பான தாளில் அது பிடிக்காது. முரட்டுத் தாளோ துணியோ கொடுங்கள். ஈரக் காற்றில் காயப் பல மணி நேரம் எடுக்கும் என்பதால் தகரக் கூரையுள்ள கடை கொடுங்கள், ஒழுகும் பந்தல் வேண்டாம்.

கடைசியாக, பட்டியலில் எப்போதும் விடுபடுகிறவர்கள். பழங்குடிக் கணக்கிலும் வராமல், உள்ளூர்க்காரர் கணக்கிலும் வராமல், இலங்கை மலையகத்திலிருந்து வந்த தோட்டத் தமிழர்கள் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்கள். மலையகத் தோட்டங்களின் காமன் கூத்து மாசியில் கம்பம் நட்டு, நோன்பிருந்து, நாட்கணக்கில் நடப்பது. மே மாதத்தில் காமனை ஏழு நிமிடத்தில் எரித்துக் காட்டச் சொல்ல வேண்டாம். அதற்குப் பதில் தப்பாட்டத்தைக் கேளுங்கள். காமன் எரிந்தானா இல்லையா என்று இரு கட்சி கட்டிப் பாடும் லாவணி தெரிந்தவர்கள் இருந்தால், அரை மணி நேரம் கொடுத்து எதிரெதிரே உட்காரவையுங்கள். அதற்கு மேடையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். இரண்டு மைக்கும் எதிர்ப்பாட்டுக்குக் கைதட்டும் கூட்டமும் போதும்.

அடுத்த மே மாதத்துக்கான குழுத் தேர்வை ஏப்ரல் கடைசியில் தொலைபேசியில் முடிக்காமல், பிப்ரவரியிலேயே ஊர்களுக்கு நேரில் போய்ப் பெரியவர்களைக் கேட்டு முடியுங்கள். மைதானம் முடிவானதும் சொன்னால், அளவு நாடாவும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு வட்டம் போட நாங்கள் வருகிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
மேடை, ஒலி, பயண ஏற்பாடு பார்க்கும் சிலர்
நீலகிரி